சாலையும் தூசியும்: கழுவிப் போடும் ஏர் ஃபில்டரின் கதை

திருவனந்தபுரத்தில் வலியசாலை எங்க ஊர் என்று சொன்னால், இங்கே மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அவ்வளவு பெரிய ரோடா அது?" என்பதுதான். இல்லைங்க. அந்தச் சாலைக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் வருகிற காந்தளூர்ச் சாலை எங்க ஊர் மகாதேவர் கோயிலை ஒட்டி இருந்தது என்பது பலரும் சொல்லும் கருத்து. அங்கே சாலை என்றால் மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடம். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைப் பக்கம் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை வைத்தபோது, காந்தளூரைப் பார்த்துத்தான் வைத்தான் என்று செப்பேடே சொல்கிறது.

சரி, ரோட்டுக்கு வருவோம். அதுவும் எங்க ஊர்ப் பக்கத்திலேயே இருக்கு. வலியசாலையிலிருந்து நாலு எட்டு வைத்தால் கிள்ளிப்பாலம், அதைத் தாண்டினால் கரமனை, அப்படியே தெற்கே போனால் நாகர்கோவில். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசு பஸ் சர்வீஸைத் தொடங்கி வைத்தார். அதை நடத்துவதற்காக லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்ட்டர் என்று ஒருவரை வரவழைத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த காமர் சேஸிஸ், அதில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், மேலே உள்ளூரிலேயே கட்டிய பாடி. அதே 1930களில்தான் கன்னியாகுமரி ரோட்டுக்கு சிமெண்ட் கான்கிரீட்டும் போட்டார்கள். எஞ்சினுக்கு முதல் ஃபில்டர் நல்ல ரோடுதான் என்பது என் கட்சி. ரோடு சரியாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை :-)

இங்கே பெர்த் நகரத்தை விட்டு வடக்கே பில்பரா, கிம்பர்லி என்று கிளம்பினால் கதை வேறு. கிப் ரிவர் ரோடு மட்டும் சுமார் 660 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மண் ரோடு. அதில் 'புல் டஸ்ட்' என்று ஒன்று வரும். பள்ளத்தில் மாவு மாதிரி நிரம்பிக் கிடக்கும், சக்கரம் இறங்கினால் வண்டியே மறையும் அளவுக்குப் புழுதி எழும்பும். நிறம் மட்டும் நம்ம ஊர் செம்மண் நிறம். நம்ம ஊர்ச் செங்கல்லுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தவர் ஃபிரான்சிஸ் புக்கனன். 1807இல் வெளியான அவருடைய பயண நூலில் மலபார் அங்காடிப்புரத்துக் கல்லைப் பற்றி எழுதும்போது வைத்த பெயர் அது. அங்கேயும் இங்கேயும் மண்ணைச் சிவப்பாக்குவது இரும்புத் துருதான். வித்தியாசம் மழையில் இருக்கு. வலியசாலையில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் வந்து புழுதியை அடக்கிவிடும். இங்கே உள்நாட்டில் மாசக்கணக்கில் சொட்டு விழாது.

இது ஏன் முக்கியம்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய எஞ்சின் கிட்டத்தட்ட 9,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அதாவது 9 கன மீட்டர். அந்தக் காற்றோடு வரும் தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கும். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் செய்யப்படும் இரும்பு பெரும்பாலும் அதைவிட மெத்து. பெரிய மணல் எப்படியும் மாட்டிக்கொள்ளும். சில மைக்ரானிலிருந்து இருபது மைக்ரான் வரை உள்ள கண்ணுக்குத் தெரியாத தூள்தான் எமன். எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். முதலில் எண்ணெய் குடிக்கும், அப்புறம் புகை விடும், அப்புறம் இழுக்காது. எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்ற இங்கே ஆகும் கூலியில் ஊருக்குக் குடும்பத்தோடு போய்வந்துவிடலாம்.

ஆரம்பகாலக் கார்களில் ஏர் ஃபில்டரே கிடையாது. பிரச்சினை முதலில் பெரிதாகத் தெரிந்தது வயலில்தான். டிராக்டர் புழுதிக்குள்ளேயே நின்று வேலை செய்கிறது இல்லையா! 1915இல் அமெரிக்காவில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த ஃபிராங்க் டொனால்ட்சன் என்பவர், வாங்கிய விவசாயியின் எஞ்சின் திரும்பத் திரும்பப் பழுதாவதைப் பார்த்தார். காரணம் தூசி என்று புரிந்து ஒரு ஏர் கிளீனர் செய்து மாட்டினார். அதை நம்பி அவர் தொடங்கிய மின்னசோட்டா கம்பெனி இன்றைக்கும் அவர் பேரிலேயே ஃபில்டர் செய்கிறது.

அதற்குப் பிறகு ரொம்ப காலம் ஆண்டது 'ஆயில் பாத்'. ஒரு கிண்ணத்தில் எண்ணெய். உள்ளே வரும் காற்று அந்த எண்ணெய்க்கு மேலே சடாரென்று திரும்பவேண்டும். காற்று திரும்பிவிடும், கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் போய் விழும். மிச்சத்தை எண்ணெயில் நனைந்த கம்பி வலை பிடிக்கும். வில்லிஸ் ஜீப், டிராக்டர், லாரி, பீட்டில் கார் எல்லாவற்றிலும் இதுதான். 1955இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி நடந்த ரெடெக்ஸ் பந்தயத்தில் ஜெயித்தது ஒரு பீட்டில்.

கவனிச்சீங்களா? இன்றைக்குக் கடையில் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்கிறார்களே, 'திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்' என்று, அதுதான் நம்ம தாத்தா காலத்து வழக்கம். தூக்கி எறியும் காகித ஃபில்டர் அதற்கு அப்புறம் வந்தது. நெடுமங்காட்டுப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த எங்க மாமா ஒருத்தர், என் காரின் காகித ஃபில்டரைப் பற்றிக் கேட்டுவிட்டு, "என்னடா இது, அழுக்கானா குப்பையிலயா போடுவ? மண்ணெண்ணெயில அலசி, புது ஆயில் ஊத்தினா ஆச்சே!" என்றார். "இது காகிதம் மாமா, அலசினா கிழிஞ்சிடும்" என்றேன். "அப்ப அதை எதுக்கு வாங்கின?" என்று முடித்துவிட்டார். பால் கவரையே கழுவிக் காயவைத்து எடைக்குப் போடும் வம்சம் நாம, மாமா கேட்டதில் தப்பில்லை.

ஆனால் ஆயில் பாத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கழுவ ஒரு ஆள் வேண்டும். நம்ம லாரிகளில் டிரைவருக்கு அடுத்தபடி இருப்பவருக்குப் பேரே கிளீனர். ஆள் இருந்தவரை அமைப்பும் ஓடியது. அதில் வேறு குறையும் இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறைவு, அதனால் தூசி எண்ணெயில் விழாமல் தப்பிவிடும். வண்டி ரொம்பச் சாய்ந்தால் எண்ணெயே இடம் மாறிவிடும்.

ஃபில்டர் உயிர் பிரச்சினையானது இரண்டாம் உலகப் போரில். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் மால்ட்டாவுக்கும் அனுப்பிய ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மூக்குக்குக் கீழே வோக்ஸ் என்ற பெரிய ஃபில்டரைப் பொருத்தினார்கள். எஞ்சின் பிழைத்தது, ஆனால் தாடை வீங்கின மாதிரி இருந்த அந்தப் பெட்டியால் வேகம் குறைந்தது. ஆகாயத்தில் வேகம் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டாம். எகிப்தில் அபூக்கிர் பராமரிப்பு நிலையத்தில் இருந்தவர்கள் கையோடு ஒரு சின்ன ஃபில்டரை வடிவமைத்து மாட்டினார்கள். இதற்கு நேர் எதிர்க் கதை சோவியத் டி-34 டாங்க். 1942இல் அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்தபோது, டாங்கின் மற்ற அம்சங்கள் பலவற்றைப் பாராட்டிய பொறியாளர்கள் ஏர் கிளீனரை மட்டும் கிழி கிழி என்று கிழித்துவிட்டார்கள். தூசி உள்ளே போய் எஞ்சின் சில நூறு கிலோமீட்டரிலேயே படுத்துவிட்டது. வடிகட்டுவது, காற்றைத் தடையில்லாமல் விடுவது, இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை இதுதான் சண்டை.

போருக்குப் பின் மடித்த காகிதம் கார்களில் பரவியது. விலை மலிவு, தூசியை நன்றாகப் பிடிக்கும், கழுவும் வேலை இல்லை. எதிர்ப்பக்கத்தில் பந்தயக்காரர்கள். மண்ணில் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களுக்கு எண்ணெய் தடவிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் வந்தது. 1969இல் கலிஃபோர்னியா ரிவர்சைடில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் செய்துகொண்டிருந்த கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் இருவரும் கே அண்ட் என் என்ற பெயரில் தொடங்கினார்கள். அலுமினிய வலைக்கு நடுவே பருத்தித் துணி, அதில் எண்ணெய். சிவப்பு நிறத்தில் கடைகளில் பார்த்திருப்பீர்களே, அதேதான். பந்தயத்தில் கொஞ்சம் கூடுதல் காற்று என்பது கொஞ்சம் கூடுதல் வேகம். ஆனால் பந்தய எஞ்சினை அடிக்கடி பிரிப்பார்கள். நம்ம எஞ்சின் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடவேண்டும்.

எது நல்லது என்று அளப்பதற்கும் வழி இருக்கு. அமெரிக்காவின் அரிசோனாவில் எடுத்த பாலைவனத் தூசியைச் சலித்து, அதையே சோதனைத் தூசியாக வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஐ.எஸ்.ஓ 5011 என்ற சோதனையில் அந்த வகைத் தூசியை ஊதி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தப்பியது என்று எடை போடுகிறார்கள். இங்கேதான் விற்பனைக்காரர்கள் நம் கண்ணில் அதே தூசியைத் தூவுவது. "97 சதவீதம் பிடிக்கும், மற்றது 99, இரண்டு சதவீதம்தானே வித்தியாசம்?" என்பார்கள்.

கணக்குப் போடுவோம். முன்னால் போகும் வண்டியே தெரியாத அளவு புழுதி என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் ஒரு கிராம் தூசி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9 கிராம். அந்தப் புழுதியிலேயே 20 லிட்டர் எரித்தால் 180 கிராம் தூசி ஃபில்டர் வாசலில் வந்து நிற்கும். 99 சதவீதம் பிடித்தால் உள்ளே போவது 1.8 கிராம். 97 சதவீதம் பிடித்தால் 5.4 கிராம். பிடித்ததைப் பார்த்தால் வித்தியாசம் இரண்டு சதவீதம், எஞ்சினுக்குள் போனதைப் பார்த்தால் மூன்று மடங்கு! அதனால் வாங்கும்போது எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. எந்தத் தூசியில், கரடுத் தூசியிலா நைஸ் தூசியிலா என்றும் கேளுங்க. கரடுத் தூசியில் எடுத்த எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

இன்னொரு சங்கதி மைலேஜ். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். இன்றைய வண்டியில் வரும் காற்றை அளந்து கம்ப்யூட்டரே பெட்ரோலை விடுகிறது. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்தபோது, ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, வேகம் எடுப்பதுதான் குறைந்தது. ஆகவே மைலேஜுக்காக ஃபில்டர் மாற்றுகிறேன் என்பது வீண் செலவு. போதாக்குறைக்கு, எண்ணெய் தடவிய ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால் அது காற்றை அளக்கும் சென்சார் கம்பியில் போய்ப் படியும்.

அப்போ என்னதான் வாங்குவது? நான் வந்து சேர்ந்த முடிவு இது. நகரத்துக்குள் ஸ்கூல், ஆபீஸ், கடை என்று ஓட்டுபவர்களுக்குக் காகிதமே போதும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மண் ரோட்டில் போகிறவர்கள் காகிதத்தை உள்ளேயே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் கழுவக்கூடிய ஸ்பாஞ்ச் முன்வடிகட்டி ஒன்றைப் போடலாம். மேலே தூக்கிவைத்த ஸ்னார்க்கல் குழாய் இருந்தால் அதன் தலையில் தூசியைச் சுழற்றித் தள்ளும் மூடியும் கிடைக்கும். நாள் முழுக்கப் புழுதியில் வேலை செய்கிறவர்கள் கழுவும் ஃபில்டரே வேண்டும் என்றால், எண்ணெய் தடவிய ஸ்பாஞ்ச் இரண்டு செட்டாக வாங்குங்க. ஒன்று வண்டியில், ஒன்று பிளாஸ்டிக் பையில் தயாராக. பருத்தி வகையை, நைஸ் தூசியில் எடுத்த சோதனை முடிவைக் காட்டினால் மட்டும் யோசிக்கலாம்.

கழுவும்போது சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்குத் தண்ணீர் விடணும், எதிர்த்திசையில் விட்டால் தூசி உள்ளே இறங்கும். நிழலில் முழுசாகக் காயணும். எண்ணெய் ஒரே சீராக, குறைவாக. விளிம்பில் கொஞ்சம் கிரீஸ், ஏனென்றால் ஃபில்டர் எவ்வளவு உசத்தியானாலும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் எல்லாம் போச்சு. காகிதத்தை மட்டும் வாராவாரம் தட்டாதீங்க. அதன் மேல் படியும் மெல்லிய தூசி அடுக்கே அடுத்த தூசியைப் பிடிக்க உதவுகிறது.

பழைய வண்டி வாங்கும் புதுக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் குழாயைக் கழற்றி, உள்ளே விரலால் துடைத்துப் பாருங்க. செம்மண் ஒட்டினால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். உங்க வண்டிக்கும் இதே சோதனைதான். அந்தக் குழாய்க்குள் மெல்லிசாக கிரீஸ் தடவி, ஒரு பயணம் போய்வந்து பாருங்க. விளம்பரம் என்ன சொன்னாலும் கிரீஸ் பொய் சொல்லாது.

கழுவும் ஃபில்டர் கழுவுகிற கையை நம்பி இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குக் கிளீனர் இருந்தார். இங்கே அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து பின்சீட்டில் இருக்க, அடுத்த பெட்ரோல் பங்க் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, கிளீனரும் நாமதான். அந்த வேலைக்கு நேரம் இருக்கா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொண்டு, அப்புறம் கடைக்குப் போவது உத்தமம்.