கொல்லிமலையில் பிறந்த டாக்டரும் ஒரு ரப்பர் செருப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்து வச்சிக்கிட்டு படிங்க.

சில வருஷம் முன்னாடி, நான் சர்க்கரை நோய் ஓபி பார்த்துக்கிட்டு இருந்த ஒரு நாள். வரிசை வாசல் தாண்டி நின்னுச்சு. ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், மூட்டை தூக்குற வேலை, மாத்திரை வாங்க வந்திருந்தார். சுகர் அளவைப் பார்த்தேன், மாத்திரை எழுதினேன், அனுப்பிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவர் செருப்பின் அடியில் ஒரு ஆணி குத்தி உள்ளே வரை ஏறியிருந்தது. அது அவருக்கும் தெரியாது. "செருப்பைக் கழட்டுங்க" என்று சொல்லாத எனக்கும் தெரியாது.

அடுத்த தடவை வந்தபோது பாதம் கறுத்துப் போயிருந்தது. "வலிக்கவே இல்லையே சார்" என்றார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் விடவில்லை. வலிக்காத காலைப் பற்றி முதலில் ஆழமாக யோசித்தது யார் என்று தேடிப் படிக்கப் போய்த்தான் டாக்டர் பால் பிராண்டிடம் வந்து சேர்ந்தேன். படிக்கிற காலத்தில் அவர் பெயரை ஒரு அறுவை சிகிச்சையின் பெயராக மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். தேர்வுக்கு அது போதும்.

அவர் ஒரு கிறிஸ்தவர். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் அவருடைய நம்பிக்கையை எடுத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முயற்சி பண்ணிப் பார்த்தேன், பாதிக் கதை காணாமல் போகிறது.

1914 ஜூலை 17. நம்ம கொல்லிமலையில் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இரண்டு பேரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. நடந்து ஏறணும், இல்லை டோலியில் தூக்கிக்கொண்டு போகணும்.

"மதம் பரப்ப வந்தவங்கதானே?" என்று சிலர் கேட்பீங்க. ஆமாம், அதற்குத்தான் வந்தார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் முதல் பல வருஷங்கள் கிட்டத்தட்ட யாரும் மதம் மாறவில்லை. அந்த வருஷங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஜெஸ்ஸி அடிப்படையில் கட்டட வேலை தெரிந்தவர். மருத்துவம் ஒரு வருஷம் மட்டும் படித்திருந்தார். மலையில் நரம்புச் சிலந்தி நோய் அதிகம். இளைய தலைமுறை டாக்டர்கள் இதைப் பார்த்தே இருக்க மாட்டோம். தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, நீளமாக வளர்ந்து, கால் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, நாள்கணக்கில் இழுக்க வேண்டும். சின்னப் பையன் பால், அப்பா இப்படிப் பொறுமையாகக் குச்சி சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபடி வளர்ந்தான்.

ஜெஸ்ஸி அதோடு நிற்கவில்லை. புண்ணோடு இறங்கி மக்கள் தண்ணீர் எடுப்பதால்தான் புழு பரவுகிறது என்று, சுற்றுச்சுவர் வைத்த கிணறுகள் கட்டச் சொன்னார், கட்டிக் காட்டினார். தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார். (இந்தியா இந்த நோயிலிருந்து முழுசாக விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000-இல்தான். அதுவும் பெரும்பாலும் மருந்தால் இல்லை, சுத்தமான தண்ணீரால்.)

1923-இல் ஒன்பது வயசுப் பையனைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். எனக்கு இது நெருடுகிறது. ஊருக்காக உழைத்தவர்கள் பிள்ளையை விட்டுக் கொடுத்தார்கள். பையன் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. 1929-இல் கடுமையான மலேரியாவின் பாதிப்பில், 44 வயசில் ஜெஸ்ஸி இறந்துபோனார். இறந்த செய்தி தந்தியில் முதலில் வந்துவிட்டது. ஆனால் அவர் ஏற்கெனவே எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும் சில வாரங்கள் அப்பாவிடமிருந்து பையனுக்குக் கடிதம் வந்தது.

பள்ளி முடிந்து பால் நேராக மருத்துவம் படிக்கப் போகவில்லை. அப்பா மாதிரி மலைக்குப் போய்க் கட்டட வேலை செய்ய வேண்டும் என்று கொத்து வேலையும் தச்சு வேலையும் சில வருஷம் கற்றுக்கொண்டார். அப்புறம்தான் டாக்டர் ஆசை வந்து லண்டனில் படித்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த லண்டனில் அறுவை சிகிச்சை பழகினார். 1946-இல் வேலூர் சிஎம்சி-க்கு வந்தார். உடன் படித்த மார்கரெட்டைத்தான் திருமணம் செய்திருந்தார். அவர் பின்னாளில் தொழுநோயாளிகளின் கண்ணைக் காப்பாற்றுவதில் பெரிய நிபுணர் ஆனார்.

1947. தொழுநோய் நிபுணர் டாக்டர் காக்ரேன், பிராண்டைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக் காட்டுகிறார். எங்கு பார்த்தாலும் மடங்கிப் போன விரல்கள். பிராண்ட் ஒரு நோயாளியின் கையில் தன் கையைக் கொடுத்து, "அழுத்துங்க" என்றார். பலமில்லாத பிடியாக இருக்கும் என்று நினைத்தார். பார்த்தால் நகம் தோலில் பதிகிற அளவுக்கு இரும்புப் பிடி! பிராண்ட் வலியில் கத்தியேவிட்டார்.

இந்தக் கைகுலுக்கலில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. கை செத்துவிடவில்லை. முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு பழுதாகி, உள்ளங்கையின் சின்னத் தசைகள் மட்டும் செயலிழந்திருக்கின்றன. முன்கையின் பெரிய தசைகள் நன்றாக இருக்கின்றன. அப்படியென்றால் நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, வழி மாற்றி, விரல்களில் தைத்தால்? போலியோவில் செய்வதுதானே இது?

1948-இல் அறுவை சிகிச்சைகளைத் தொடங்கினார். அது பொது மருத்துவமனைகள் தொழுநோயாளிக்குப் படுக்கை கொடுக்கவே தயங்கிய காலம். நல்ல டாக்டர்களே தொட யோசித்தார்கள். "தொழுநோய்ச் சதையில் தையல் ஆறாது" என்று ஒரு எண்ணமும் இருந்தது. ஆறியது. விரல்கள் நிமிர்ந்தன.

இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு சர்ஜன் கதை. ஆனால் அறுவை முடிந்து போன ஒருவர் திரும்பி வந்தார். வந்து புகார் சொன்னார்: நீங்கள் கொடுத்த கை சரியில்லை. முன்பு மடங்கின கையைப் பார்த்துப் பிச்சை போட்டார்கள். இப்போது பிச்சையும் விழவில்லை, தொழுநோயாளி என்று தெரிந்து வேலையும் தருவதில்லை. நான் என்ன செய்ய?

யோசிங்க. எத்தனை டாக்டர் இதைத் தன் வேலை என்று எடுத்துக்கொள்வோம்? நான் "அது சமூக நலத் துறை பார்க்கணும்" என்று சொல்லியிருப்பேன்.

பிராண்ட் 1951-இல் கல்லூரி வளாகத்திலேயே 'நவ ஜீவ நிலையம்' என்று ஒரு சின்னக் குடியிருப்பைத் தொடங்கினார். கை சரியான இளைஞர்கள் அங்கே தங்கி மரப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள். கற்றுக் கொடுத்தவர்களில் பிராண்டும் ஒருவர். லண்டனில் கற்ற தச்சு வேலை வீணாய்ப் போன காலம் என்று ஒரு சமயம் நினைத்திருந்தாராம். ரம்பம், சுத்தியல், இழைப்புளி எல்லாம் இப்போது மருத்துவக் கருவிகள் ஆயின.

அந்தப் பட்டறையில்தான் அடுத்த விஷயம் பிடிபட்டது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்க வரவில்லை. பத்து வயசுப் பையன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம். சாவி அவன் விரலை எலும்பு வரை வெட்டியிருந்தது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகமே நம்பியது. இல்லை. சூடான பாத்திரம், கையில் அணையாமல் பிடித்த பீடி, சுத்தியல் கைப்பிடியின் சிராய்ப்பு, இப்படித்தான் ஒவ்வொரு துண்டாகப் போகிறது. சில பேருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில் இல்லை. ஒருநாள் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது, எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவருக்கு வலியே இல்லை! அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த மருந்துச் சீட்டு இதுதான்.

அப்புறம் அந்த ஒரு ராத்திரி. அமெரிக்கா போய்விட்டு லண்டன் திரும்பிய பிராண்ட், காய்ச்சலோடு நீண்ட ரயில் பயணம் செய்து அறைக்கு வந்து காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்வு இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்தார். மனைவியை, பிள்ளைகளைப் பிரிய வேண்டுமே என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் அதே இடத்தில் ஊசியை ஓங்கிக் குத்தினார். உயிர் போகிற வலி! ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்பவராக மாறினார். வலி என்பது கடவுள் கொடுத்த பரிசு என்பது அவருக்கு வெறும் பிரசங்க வசனம் இல்லை.

கைக்கு அடுத்து கால். கால் புண் ஆறாததற்குக் காரணம் தொழுநோய்க் கிருமி இல்லை, வலி தெரியாமல் அதே இடத்தை மிதித்து மிதித்து நடப்பதுதான். இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் இதற்கு மாவுக்கட்டுப் போட்டுக் குணப்படுத்தி வந்தார். அந்த முறையை பிராண்ட் எடுத்துக்கொண்டார். பிறகு, புண்ணே வராமல் தடுக்கச் செருப்பு. வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி மையத்திலும் எந்த ரப்பர், எவ்வளவு மென்மை, ஆணி இல்லாமல் எப்படி ஒட்டுவது என்று வருஷக்கணக்கில் உழைத்தார்கள். அதில் வந்ததுதான் எம்சிஆர் செருப்பு.

இதைக் கவனிங்க. கை அறுவைக்காக 1960-இல் உலகப் புகழ்பெற்ற லாஸ்கர் விருது வாங்கிய மனுஷன், ஒரு கூலிக்காரரின் செருப்பு வாரைப் பற்றி அதே தீவிரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். தேவாலயங்களில் பெரிய வியாழன் அன்று இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பாதிரியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். பிராண்டுக்கு அது வாரத்தின் எல்லா நாளும் ஓபி வேலை.

அவர் அம்மா கதை தனிப் பதிவு போடணும். வயசாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று மிஷன் சொன்னபோது, ஒரே ஒரு வருஷம் மலையில் இருக்கிறேன் என்று கேட்டுப் போனவர். வருஷம் முடிந்ததும், உங்களிடமிருந்து ஓய்வு பெறுகிறேன், மலையிலிருந்து இல்லை என்று அங்கேயே தங்கிவிட்டார். 1974-இல் 95 வயசில் இறந்து, கொல்லிமலையில் கணவர் பக்கத்தில் அடக்கமானார்.

பால் பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது: வேலூரில் பார்த்த அதே புண்! நோய் வேறு, உணர்வில்லாத பாதம் ஒன்று. அதே மாவுக்கட்டு, அதே மென்மையான செருப்பு, அதே தினசரிப் பரிசோதனை. அங்கிருந்துதான் இன்றைய சர்க்கரை நோய்க் கால் சிகிச்சையின் பெரும்பகுதி வந்தது. 2003-இல் அவர் காலமானார்.

இப்போது என் ஓபி-யில் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கிறது. சர்க்கரை நோயாளி வந்தால் முதலில் அதில் காலை வைக்கச் சொல்கிறேன். வரிசை குறையவில்லை, எல்லாருக்கும் பார்க்க முடிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் பாதிப் பேருக்குத்தான் முடிகிறது.

போன வாரம் ஒரு பாட்டி. காலைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயோ சாமி, நீங்க போயி என் காலத் தொடலாமா, பாவம் வந்து சேரும் எனக்கு."

"காட்டுங்க பாட்டி, ஒண்ணும் ஆகாது."

ரொம்ப நேரம் கழித்துதான் நீட்டினார். சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில், அவருக்கே தெரியாமல், ஒரு சின்ன வெடிப்பு இருந்தது. கழுவி மருந்து வச்சேன். எம்சிஆர் செருப்புக்கு அளவு எடுத்தாச்சு. அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கேன்.