நெரவிச் சுவரிலிருந்து இறங்கிய தட்டு

காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட நெரவியில் பழைய வீடொன்றை இடிக்கப் போகிறார்கள் என்றறிந்து அங்கே சென்றிருந்தோம். கூடத்துச் சுவரில் தொங்கிய பீங்கான் தட்டொன்றைப் பழம்பொருள் வணிகர் ஒருவர் இறக்கி வைத்திருந்தார். நாரைகள், ஊசியிலை மரம், விளிம்பில் தேய்ந்த பொற்கோடு. "இருநூறு வருஷத்துப் பொருள், டச்சுக்காரன் கொண்டுவந்தது" என்றார். திருப்பிப் பார்த்தோம். அடியில் ஆங்கில எழுத்தில் 'ஜப்பான்' என்றிருந்தது.

அந்த ஒரு சொல்லே காலத்தைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தினால், 1891 முதல் அங்கு இறக்குமதியாகும் சரக்கின்மீது பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டியிருந்தது. ஜப்பானியர் 'நிப்பான்' என்று பொறித்தனர். அது ஆங்கிலச் சொல் அன்று என்று 1921இல் அமெரிக்கா மறுத்த பிறகே 'ஜப்பான்' பரவலாயிற்று. போருக்குப்பின் அந்நாடு நேசநாடுகளின் பிடியிலிருந்த காலத்துத் தட்டுகள் சிலவற்றில் 'ஆக்குபைட் ஜப்பான்' என்றும் இருக்கும். 1952இல் அப்பிடி முடிந்தது. ஆனால் சட்டம் அமெரிக்காவினுடையது. ஆசியச் சந்தைக்கென அனுப்பிய தட்டில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம் என்பதை மறக்கலாகாது. முத்திரையின்மை பழமைக்குச் சான்றாகாது. போலி 'நிப்பான்' முத்திரைகளும் சந்தையில் உலவுகின்றன.

வணிகர் பொய் சொன்னதாக நாம் கருதவில்லை. இக்கரையில் எது பழையதானாலும் டச்சுக்காரர் தலையில் ஏற்றுவது வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்த அதே டச்சுக் கும்பினிதான், சீனத்தில் ஆட்சி மாற்றக் குழப்பத்தால் பீங்கான் வரத்துக் குறைந்தபோது, 1659இல் ஜப்பானின் அரிதா ஊர்ச் சூளைகளில் பெருமளவில் கொள்முதலைத் தொடங்கியது. அச்சரக்கு ஏறிய துறைமுகத்தின் பெயரால் அது 'இமாரி' எனப்பட்டது. அக்காலத்துப் பெரிய தட்டுகளின் அடியில், சூளையில் தட்டைத் தாங்கிய மண்முளைகளின் சிறு வடுக்கள் பெரும்பாலும் தெரியும். நம் தட்டில் வடு இல்லை. அடிவளையத்தில் கயிறு கோக்க இரு துளைகள் இருந்தன. மெருகு துளைக்குள்ளும் ஓடியிருந்தது. அதாவது, சுவரில் மாட்டவென்றே தொழிற்சாலையில் செய்த பொருள்.

அப்படியானால் யார் கொண்டுவந்தது? காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். சைகோனுக்கு வணிகத்துக்கும் அரசு வேலைக்கும் சென்றவர்கள் இப்பகுதியில் பலர். 1930களில் ஆசியச் சந்தைகளெங்கும் மலிவான ஜப்பானியச் சரக்கு குவிந்தது. நம் விருப்பத்தையும் அவ்வணிகர்கள் அறிந்திருந்தனர். ரவிவர்மா படங்களை ஒட்டித் தெய்வ உருவங்களைப் புடைப்பாக வார்த்த ஜப்பானியச் சுவரோடுகளைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் காணலாம். 'பீங்கான்' என்னும் சொல்லே கடல் தாண்டிய உறவைச் சொல்லும்: மலாய் மொழியில் தட்டுக்குப் 'பிங்கான்' என்று பெயர்.

வீட்டு அம்மையாரிடம் கேட்டோம். இதுவரை யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

"எங்க வாப்பா சைகோன்லேந்து கொண்டாந்தாங்க. உம்மா அதைத் துடைக்க யாரையும் விடமாட்டாங்க" என்றார். 1940இல் ஜப்பானியப் படை இந்தோசீனாவுக்குள் நுழைந்தது. வாப்பாவிடமிருந்து கடிதம் வருவது சில காலத்தில் நின்றது. எந்த நாட்டுப் படை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தட்டை மட்டும் யாரும் இறக்கவில்லை. போர் முடிந்து அவர் திரும்பிய அன்றும் அது அங்கேயே தொங்கியதாம்.

விளிம்பைச் சுண்டிப் பார்த்தோம். ஒலி மங்கலாக இருந்தது. எங்கோ மயிரிழைக் கீறல். விலையைக் கொஞ்சம் குறைத்து நாமே வாங்கினோம். அம்மையார் சொன்னதை ஒரு தாளில் எழுதி அவரிடம் படித்துக் காட்டினோம். 'துடைக்க விடமாட்டாங்க' என்பதையும் சேர்க்கச் சொன்னார். தாளைத் தட்டின்மீது ஒட்டவில்லை, பசை பொன்மெருகை உரித்துவிடும். தனி உறையிலிட்டுத் தட்டோடு வைத்திருக்கிறோம்.