நாக்கும் காடியும்

அமெரிக்காவின் வடகிழக்கில் நம்மவர்கள் வாங்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டவை. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்தால் வீடு விசாலமாகும். கூடவே தரையில் நான்கைந்து அங்குல அகலத்துக்கு ஒரு பள்ளமும் தெரியும். சுவர்கள் எழும்பிய பிறகே தரைப்பலகை போட்டதால், சுவர் நின்ற இடத்தில் பலகை இருக்காது. அந்த இடைவெளியை இன்று கடையில் வாங்கும் ஓக் பலகையால் நிரப்ப முடிகிறது என்பதற்குப் பின்னால் நூறாண்டு வரலாறு உண்டு. சிமெண்டிலும் மொசைக்கிலும் வளர்ந்த என்னை அதைப் படிக்கத் தூண்டியது என் வீட்டில் நடந்த இந்த வேலைதான்.

பழைய அமெரிக்க வீடுகளின் தரை, அகலமான பலகைகளை மேலிருந்து ஆணியடித்துப் போட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரங்கள் அதை மாற்றின. பலகையின் ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி. நாக்கின்மேல் சாய்வாக ஆணியடித்து, அடுத்த பலகையின் காடியை அதில் செருகினால் ஆணி மறைந்துவிடும். 1909இல் ஓக் தரைப்பலகை உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து, தரங்களையும் அளவுகளையும் பொதுவாக்கத் தொடங்கினார்கள். இரண்டேகால் அங்குல அகலம் வழக்கமாகிவிட்டது. மென்பொருள் துறையில் எங்களுக்கு இது பழகிய விஷயம்: இரு பக்கமும் ஒரே அளவை மதித்தால், எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும் இணைப்பு வேலை செய்யும்.

இணைப்பதற்கும் முறை உண்டு. பழைய பலகைகளை ஒரே கோட்டில் அறுத்துப் புதியதை ஒட்டினால், அந்தக் கோடு என்றைக்கும் தெரியும். அதனால் பழைய பலகைகளை ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாகப் பெயர்த்தெடுத்து, செங்கல் சுவரில் மூட்டுகளைத் தள்ளி வைப்பதுபோல் புதியவற்றை ஊடே செருகுகிறார்கள். பழைய பலகையின் தடிமன் 25/32 அங்குலம், இன்றையது முக்கால் அங்குலம். அந்த வித்தியாசம் உப்புத்தாள் இயந்திரத்தில் சமமாகிவிடும். என் வீட்டுத் தச்சர் இன்னொன்றும் செய்தார். துணி அலமாரிக்குள் இருந்த பழைய பலகைகளைப் பெயர்த்து நடுக்கூடத்தில் பதித்தார். புதியவற்றை அலமாரிக்குள் போட்டார்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அளவைப் பொதுவாக்கலாம், மரத்தைப் பொதுவாக்க முடியாது. தென் மாநிலங்களில் சுமார் 9 கோடி ஏக்கரில் நீளிலைப் பைன் காடு இருந்தது. வைரம் பாய்ந்த அந்தப் பலகைகள் வடக்கு நகரங்களின் தரைகளாயின. காட்டில் இன்று எஞ்சியிருப்பது சிறு பங்கே. செஸ்ட்நட் மரத்தைத் தாக்கிய பூஞ்சை நோய் 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குப் பூங்காவில் கண்டறியப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் மடிந்ததாகக் கணக்கு. செஸ்ட்நட் தரையில் ஒரு பலகை போனால், இடிக்கப்பட்ட களஞ்சியம் ஒன்றிலிருந்துதான் மாற்றுப் பலகை கிடைக்கும். ஓக் அழியவில்லை. ஆனால் அடர்ந்த பழங்காட்டின் நிழலில் மெதுவாக வளர்ந்த ஓக்கின் வளையங்கள் நெருங்கியிருக்கும். வெட்டிய காட்டில் வெயில் குடித்து வேகமாக வளர்ந்த மரத்தில் அகன்றிருக்கும். சாயம் பூசினாலும் கூர்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும்.

இந்தத் தரைகள் பல தப்பிப் பிழைத்தது கார்பெட்டின் தயவால். 1960களில் கார்பெட் நாகரிகமானபோது, ஓக்கைப் பெயர்க்காமல் அதன்மேலேயே விரித்தார்கள். நம்மில் பலர் வீடு வாங்கிய பிறகு கார்பெட்டைச் சுருட்டியபோதுதான் அடியில் இருப்பதைப் பார்த்தோம்.

இப்போது அதற்கு வந்திருக்கும் ஆபத்து வேறு. நிறம் ஒத்துப்போகவில்லை என்று வீடு முழுவதும் பெயர்த்து, ஒரே சீராகப் புதுத்தரை போடுகிறோம். ஒப்பந்தக்காரருக்கும் அதுதான் சுலபம். பெயர்த்த பலகை குப்பை வண்டியில் போகிறது. அது வந்த காட்டுக்கு வேறு சாட்சி அநேகமாக இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு பலகையை மட்டும் எடுத்து, அதன் வெட்டுமுகத்தில் வளையங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டேகால் அங்குலத்துக்குள் ஐம்பது வளையங்கள் இருந்தால், அந்த மரம் உங்கள் வீட்டைவிட மூத்தது. மிச்சத்தை அதன் பிறகு முடிவு செய்யலாம்.