மேக்: நிரல்களை ஏவும் முறை

மூல நிரல்களைத் தொகுத்து இயங்குநிரல்களை உருவாக்க உதவும் கட்டளைவரிக் கருவி. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கோப்புகளின் மாற்ற நேரத்தை ஒப்பிட்டு, பழையதாகிப்போனதை மட்டும் மீண்டும் உருவாக்கும். 2003இல் இதற்காக ஃபெல்ட்மனுக்கு ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது.

ஒரு கோப்பை உருவாக்க எழுதும் கட்டளைத் தொகுப்பே செய்முறை; அதன் ஒவ்வொரு வரியையும் மேக் தனித்தனி ஷெல்லில் ஏவுகிறது. முதல் வரியில் 'சிடி' கொடுத்து வேறு கோப்புறைக்குப் போனாலும் அடுத்த வரி பழைய இடத்திலேயே தொடங்கும். அங்கே அமைத்த சூழல் மாறியும் மறைந்துவிடும். புதிதாகப் பழகுவோர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். இதைத் தவிர்க்க, பின்சாய்கோட்டால் வரிகளை இணைப்பது பழைய வழி. 2010இல் வந்த க்னூ மேக் 3.82, 'ஒன்ஷெல்' என்ற சிறப்பு இலக்கால் முழுச் செய்முறையையும் ஒரே ஷெல்லுக்கு அனுப்ப வழிசெய்தது. நல்ல திருத்தம்தான், ஆனால் இடையில் ஒரு கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளையின் முடிவையே மேக் கணக்கில் கொள்ளும். ஆகவே ஷெல் கொடிகளில் '-இ' சேர்ப்பது அவசியம்.