மெட்டுக்கு இருபுறமும் நெருக்கடி நிலை: போடி–ஏலமலைக் குடும்ப நினைவு குறித்து

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த நெருக்கடி நிலையை நாடு முழுவதும் ஒரே விதமாகப் பட்டறிந்த காலமாகவே எழுதி வருகிறோம். போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போடிமெட்டுக்குக் கீழே தமிழ்நாடு. மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டம். கீழே ஆண்ட தி.மு.க. நெருக்கடி நிலையை எதிர்த்தது. மேலே காங்கிரஸ் துணையோடு ஆண்ட அச்சுத மேனன் அரசு அதற்கு உடன்பட்டு நின்றது. முதல் ஏழு மாதம், காலையில் மெட்டேறி மாலையில் இறங்கிய தொழிலாளி இரண்டு அரசியல் சூழல்களுக்குள் நடமாடினார். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட பின்னரே கீழே மிசா (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) கைதுகள் பெருகின. அடுத்த மாதம் 12ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி இடுக்கி நீர்மின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரே மாதத்துக்குள் கீழே சிறை, மேலே மின்சாரம்.

குழுவின் துணையின்றி நினைவு நிலைக்காது என்றார் சமூகவியலாளர் மொரிஸ் ஆல்ப்வாக்ஸ். சென்னைச் சிறையில் தாக்கப்பட்டுப் பின் இறந்த தி.மு.க.வின் சிட்டிபாபுவை அவரது கட்சி நினைவில் வைத்தது. நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அச்சிறைக் கொடுமைகளைப் பதிவாக்கியது. கேரளத்தில் காவல் முகாமில் மறைந்த மாணவர் ராஜனுக்காகத் தந்தை ஈச்சர வாரியர் கடைசிவரை வழக்காடினார். கூலிக் குடும்பங்களுக்கு இப்படியொரு தாங்கல் இல்லை. கட்சிகளும் அதைத் தரவில்லை. 1977 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34ஐ அ.தி.மு.க.–காங்கிரஸ் அணி வென்றது. கேரளத்தின் 20 இடங்களும் ஆளும் அணிக்கே போயின. 1980இல் தி.மு.க.வும் காங்கிரசோடு சேர்ந்தது. நெருக்கடி நிலையின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவசரம் எந்தப் பெரிய கட்சிக்கும் இருக்கவில்லை.

கூலிக் குடும்பங்களின் பேச்சில் நெருக்கடி நிலை இல்லையென்றால் பாதிப்பே இல்லை என்றுதானே பொருள் எனக் கேட்கலாம். அப்படிக் கொள்வதற்கில்லை. ஜெர்மனியில் ஹரால்டு வெல்சர் குழுவின் ஆய்வு, நாஜிக் காலத்துத் தாத்தாவைப் பேரப்பிள்ளைகள் நல்லவராக்கிக்கொள்வதைக் காட்டியது. அங்கே நினைவு திருத்தப்பட்டது. இங்கே அது வேறு பெயரில் கிடக்கிறது. கங்காணியின் சொல்லுக்கும் முன்பணக் கடனுக்கும் கட்டுப்பட்ட வீடு, அரசாணையை வைத்து ஆண்டைக் குறிப்பதில்லை. மழையையும் கூலியையும் பிள்ளைப்பேற்றையும் வைத்தே குறிக்கிறது.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். “எமர்ஜென்சி ஞாபகம் இருக்கா?” என்றால் “இல்லை” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். “இடுக்கி அணையில கரண்ட் எடுத்த வருசம் எந்தத் தோட்டத்துல காய் எடுத்தீங்க? அப்ப சங்கக் கூட்டம் நடந்துச்சா? போலீஸ் யாரைத் தேடி வந்துச்சு?” என்று கேட்டால் பேச்சு தொடங்கும். அன்று இருபது வயதில் மெட்டேறியவர்கள் இன்று எழுபதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை இப்போதே கேட்டாக வேண்டும்.