அத்தானின் இரண்டு லட்சமும் ஆச்சியின் ஓட்டைக் காலணாவும்

போன மாதம் ஊரிலிருந்து அத்தான் போன் செய்தார். ரிடையர் ஆகி வந்த பணத்தில் இரண்டு லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம்.

"மாப்ளே, பேங்க்ல போட்டு என்ன ஆகப்போவுது? பழைய அஞ்சு ரூவா காசு, அந்த கனமானது இருக்குல்லா, அதை மூட்டையா வாங்கி வைக்கலாம்னு பாக்கேன். பாதிப் பணத்துக்குச் செம்புக் கம்பி. செம்பு வெலை ஏறிக்கிட்டேல்லா போவுது?"

பேங்க்காரன் மச்சினனிடமே பேங்க் வேண்டாம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும் :-) ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரக் கணக்குதான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. அத்தான் நினைப்பது கிறுக்குத்தனம் இல்லை. நம் நாட்டில் பலமுறை பலர் நினைத்ததுதான். 1906 வரை காலணா என்பது செம்பு. எடை 6.48 கிராம். ரூபாய்க்கு 64 காலணா, ஆக ஒரு ரூபாய்ச் சில்லறை வைத்திருந்தால் 415 கிராம் செம்பு கையில் இருக்கும். இன்றைக்கு யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. 1906ல் புதிய நாணயச் சட்டம் வந்தது. செம்பு போய் வெண்கலம் வந்தது, எடையும் 4.86 கிராமாக இளைத்தது. வெண்கலத்திலும் பெரும்பங்கு செம்புதான் என்பதால் ஜனங்கள் அதையும் செப்புக் காசு என்றே சொன்னார்கள்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். தோட்டாவுக்கும் குண்டுக்கும் செம்பு தேவை. இந்தப் பக்கம் ஜனங்களுக்குக் காகித நோட்டின் மேல் நம்பிக்கை ஆட்டம் கண்டது. வெள்ளி ரூபாய் பானைக்குள் போயிற்று, பின்னாலேயே சில்லறையும் போயிற்று. 1940 ஜூனில், சொந்தத் தேவைக்கும் வியாபாரத் தேவைக்கும் மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று அரசு அறிவித்தது. அறிவித்தால் கேட்டுவிடுவோமா நாம்? பிகானேர், ஜுனாகட் போன்ற சமஸ்தானங்கள் அட்டைத்துண்டில் காசு அச்சடித்துக் கொடுக்க வேண்டிய அளவுக்குத் தட்டுப்பாடு போனது. 1943ல் வந்தது ஓட்டைக் காலணா. நடுவில் பெரிய துளை, எடை சுமார் 2 கிராம். 415 கிராமாக இருந்த ஒரு ரூபாய்ச் சில்லறை 128 கிராமுக்கு வந்துவிட்டது.

சரி, 1940ல் பழைய காலணா 64ஐப் பதுக்கியவர் ஜெயித்தாரா? 311 கிராம் வெண்கலம். அதில் செம்பு ஏறக்குறைய 295 கிராம். 2024ல் லண்டன் உலோகச் சந்தையில் தாமிரத்தின் சராசரி விலை டன்னுக்கு 9,150 டாலரை ஒட்டி இருந்தது. நம் பணத்தில் கிலோ 766 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 226 ரூபாய் வருகிறது. ஒரு ரூபாய் 226 ரூபாய்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 84 வருஷத்துக்கு வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஆறரை சதவீதம்.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அதே 1940ல் பழைய வெள்ளி ரூபாய் ஒன்றே ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டிருந்தால்? 11.66 கிராம் காசு, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 2024 விலையில் 800 ரூபாய்க்கு மேல். சட்டைப்பையில் அடங்குகிற ஒரு காசு, ஒரு சுருக்குப்பை நிறையச் செம்பைப் போல மூன்றரை மடங்கு. செம்பின் சங்கடமே இதுதான். விலை ஏறாமல் இல்லை, ஆனால் கனத்துக்குத் தகுந்த காசு இல்லை.

இப்போது அத்தானின் ஐந்து ரூபாய்க்கு வருவோம். 1992ல் வந்த அந்தக் கனமான காசு 9 கிராம், முக்கால் பங்கு தாமிரம், கால் பங்கு நிக்கல். 2007ல் நான் கல்கத்தாவில் ஒரு கிளையில் கவுன்டரில் இருந்தேன். ஊரெங்கும் "குச்ரோ நேயி", அதாவது சில்லறை இல்லை. மினிபஸ் கண்டக்டரும் பயணியும் தினம் சண்டை. இந்தியக் காசு எல்லை தாண்டி வங்கதேசத்தில் பிளேடாகிறது என்று செய்தி வந்தது அந்த வருஷம்தான். அஸ்ஸாமில் சில தேயிலைத் தோட்டங்களில் அட்டைச் சீட்டைச் சில்லறையாகக் கொடுத்தார்கள். போர்க்காலத்துக்குப் பிறகு மறுபடியும் அட்டை!

எங்கள் கிளை வாசலில் ஜால்முடி விற்ற அம்மாள் தினம் காலையில் நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டு நிற்பார். பாதி நாள் இல்லையென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே மாற்றினால் நூறு ரூபாய் நோட்டுக்குத் தொண்ணூறு ரூபாய்ச் சில்லறைதான் கிடைக்கிறது என்பார். அவர் லாபமே ஒரு நாளைக்கு எவ்வளவு இருக்கும்? யாரோ ஒருவர் மூட்டை கட்டி வைப்பதற்கு அந்தப் பத்து ரூபாயை இந்த அம்மாள் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தானிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

அந்த 2007 மே மாதம் நிக்கல் டன் 50,000 டாலரைத் தாண்டியது, தாமிரம் 8,000 டாலர் வாக்கில் இருந்தது. டாலர் 41 ரூபாய். கணக்குப் போட்டால் ஐந்து ரூபாய்க் காசுக்குள் இருந்த உலோகம் ஆறே முக்கால் ரூபாய்! அரசு சும்மா இருக்குமா? அந்த வருஷமே ஐந்து ரூபாயை 6 கிராம் எஃகுக்கு மாற்றத் தொடங்கிவிட்டது. அடுத்த வருஷக் கடைசியில் உலகப் பொருளாதாரம் விழுந்தபோது தாமிரம் 3,000 டாலருக்கும் கீழே, நிக்கல் 10,000 பக்கம். அதே காசின் உலோகம் இரண்டு ரூபாய்ச் சொச்சம்தான். ஒன்றரை வருஷத்தில்!

2024 சராசரி விலையில் அதே காசு எட்டு ரூபாய் முப்பது பைசா. 1992ல் எடுத்து வைத்தவருக்கு 32 வருஷத்தில் ஐந்து ரூபாய் எட்டே கால் ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றரை சதவீதத்தை ஒட்டி. ஏழு சதவீத டெபாசிட்டில் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் நாற்பது ரூபாய்க்கு மேல். செப்புக் காலணாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே என்று தெரியும். ஐந்து ரூபாய் பிறக்கும்போதே அதன் உலோகம் ஒரு ரூபாய்க்கும் கீழேதான். மீதி நாலு ரூபாயும் அரசாங்கத்தின் வாக்கு. வாக்கை உருக்கி விற்க முடியாது.

அத்தான் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "எப்படியும் அஞ்சு ரூவாய்க்குக் கீழ போகாதுல்லா?" நல்ல பாயின்ட். உண்மைதான், அந்தக் காசு இன்றும் செல்லும். ஆனால் நாலணாவும் அப்படித்தான் செல்லிக்கொண்டிருந்தது. 2011 ஜூன் 30ஓடு நின்றது. தவிர உருக்கினால்தானே அந்த எட்டே கால்? 1971லேயே சிறு நாணயங்களை உருக்குவதற்கு எதிராகச் சட்டம் வந்தாயிற்று. இப்போதிருக்கும் 2011ஆம் வருஷ நாணயச் சட்டத்தில் உருக்குவதும், உருக்கும் நோக்கத்தோடு தேவைக்கு மேல் குவித்து வைப்பதும் ஏழு வருஷம் வரை சிறைக்கு வழி. அத்தானை பாளையங்கோட்டைக்கு மனுப்போட்டுப் பார்க்கப் போகும் ஆசை எனக்கில்லை.

செம்புக் கம்பி சட்டப்படி சரி. ஆனால் வாங்கும்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி., விற்கும்போது பழைய இரும்புக் கடைக்காரர் சொல்வதுதான் விலை. வட்டி இல்லை, டிவிடெண்ட் இல்லை. ஒரு லட்சத்துக்கு ஐந்து ரூபாய்க் காசு 180 கிலோ, இன்னொரு லட்சத்துக்குக் கம்பி 2024 விலையில் நூறு கிலோவுக்கு மேல். அக்கா வீட்டு மச்சில் ஏற்கெனவே அண்டா குண்டானெல்லாம் இருக்கிறது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2024ல் 8.2 சதவீதம் கொடுத்தது. அதில் போடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "உங்க ஆச்சி தூக்குச்சட்டில வச்சிருந்தாளே, அதுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லுடே" என்றார்.

ஆச்சியின் தூக்குச்சட்டியில் நூலில் கோத்த ஓட்டைக் காலணா இருநூறு உண்டு. மோர் விற்ற காசு. மூன்று ரூபாய் இரண்டணா. நயா பைசா வந்தபோது தாத்தா மாற்றிக்கொண்டு வரச் சொன்னதற்கு, "செம்பு அரிசி மாதிரி புழுத்தா போவும்?" என்றாளாம். 400 கிராம் வெண்கலம், 2024 விலையில் 290 ரூபாய். சொன்னேன்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அதை எவனாவது தொட்டான்னா பாத்துக்கோ."