படகு எஞ்சினுக்கு பைக் 2டி ஆயில் ஊத்தலாமா? பழவேற்காடு படகுகளுக்கு ஒரு ஆயில் - எரிபொருள் கைடு!

பழவேற்காட்டிலிருந்து கடல் தொழிலுக்குப் போகும் ஃபைபர் படகுகள் முகத்துவாரத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மணல் மேடு ஒரு பக்கம், அலை இன்னொரு பக்கம். அந்த இடத்தில் எஞ்சின் நின்றால், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை லைட் ஹவுஸ் குப்பத்திலோ கோரைக்குப்பத்திலோ யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஞ்சின் திடீரென 'சீஸ்' ஆவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் நம் கையிலேயே இருக்கும் காரணம், டேங்கில் நாம் என்ன ஊற்றுகிறோம் என்பது. அப்பாவின் படகைக் கையில் எடுத்திருக்கும் தம்பியாக இருந்தாலும் சரி, வீட்டுப் படகுக்கு ஆயில் வாங்கிவரும் பொறுப்பில் இருக்கும் தங்கையாக இருந்தாலும் சரி, இதை ஒருமுறை முழுசா படிச்சிடுங்க.

முதலில், உங்க எஞ்சின் எது?

படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டும் உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனி அறை இருக்கும். பெட்ரோலோடு கலக்கவே கூடாது. நீளமான தண்டோடு வரும் டீசல் எஞ்சின்களும் அப்படித்தான். இந்தக் கட்டுரை டூ ஸ்ட்ரோக்குக்கு மட்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் தேங்கி நிற்க இடமே இல்லை. எரிபொருளோடு சேர்ந்து உள்ளே போகும் ஆயில்தான் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து வெளியே போகிறது. அதனால் ஆயில் குறைந்தாலும் தப்பு, தவறான ஆயிலை ஊற்றினாலும் தப்பு.

பைக் ஆயிலுக்கும் படகு ஆயிலுக்கும் என்ன வித்தியாசம்?

ரெண்டுமே 2டி தானே என்று தோன்றும். ஆனால், பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது. அதிக சூட்டில் ஓடுவது. அந்தச் சூட்டில் படியும் கரியைச் சுத்தம் செய்ய, பைக் ஆயிலில் உலோகம் கலந்த வேதிப்பொருள்களைச் சேர்ப்பார்கள். அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும்.

அவுட்போர்டு மோட்டார் ஏரித் தண்ணீரையோ கடல் தண்ணீரையோ உறிஞ்சிக் குளிர்வது. அதன் சிலிண்டர் அவ்வளவு சூடாவதில்லை. ஆனால், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே ஓடும். பைக் ஆயிலின் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் கெட்டியாகப் படியும். படிந்த சாம்பல் கங்குபோல் கனன்று, பிளக் பொறி தட்டுவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் ஓட்டையாவது இப்படித்தான்.

அதனால் டப்பாவில் தேட வேண்டிய எழுத்து 'டிசி-டபிள்யூ3'. தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்காக அமெரிக்காவின் கடல் படகுத் தயாரிப்பாளர் சங்கமான என்.எம்.எம்.ஏ. வகுத்த தரம் இது. சாம்பல் தராத வகை ஆயில். பிராண்ட் எதுவாக இருந்தாலும் இந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'ஜாசோ எஃப்சி', 'ஜாசோ எஃப்டி' என்று மட்டும் போட்டிருந்தால், அது பைக்குக்கானது. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. அது வெறும் சாயம்தான்.

எவ்வளவு கலக்கணும்?

எஞ்சினோடு வந்த புத்தகம் சொல்வதுதான் இறுதி. பல பெட்ரோல் மாடல்களுக்கு 50:1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். புது எஞ்சினுக்கும், ரிங் மாற்றிய எஞ்சினுக்கும் முதல் சில மணி நேரம் 25:1 கேட்பார்கள். மண்ணெண்ணெய் மாடல்களுக்கான அளவு வேறாக இருக்கலாம் என்பதால், புத்தகத்தைக் கட்டாயம் பாருங்கள்.

போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க:

* 5 லிட்டர்: 50:1 என்றால் 100 மி.லி., 25:1 என்றால் 200 மி.லி.
* 10 லிட்டர்: 200 மி.லி. / 400 மி.லி.
* 20 லிட்டர்: 400 மி.லி. / 800 மி.லி.
* 24 லிட்டர்: 480 மி.லி. / 960 மி.லி.

டீ டம்ளரால் அளக்காதீங்க. அளவுக்கோடு போட்ட பாட்டில் ஒன்றைப் படகிலேயே வையுங்கள். முதலில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு முழு ஆயில், நன்றாகக் குலுக்கல், அதன்பின் மீதிப் பெட்ரோல். 20 லிட்டருக்குப் பாதி ஆயில் ஊற்றினால் மிச்சமாவது 200 மி.லி. சீஸ் ஆனால் பிஸ்டன், ரிங், சிலிண்டர் வேலை, அதோடு தொழிலுக்குப் போகாத நாள்களின் வருமானம். எது லாபம் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கூடுதலாக ஊற்றுவதும் நல்லதல்ல. பிளக் நனைந்து, புகை கிளம்பி, எஞ்சின் முக்கும்.

மண்ணெண்ணெயா, பெட்ரோலா?

மீனவர்களின் எரிபொருள் செலவைக் குறைக்க, நாட்டுப்படகுகளுக்கு மானிய விலையில் மண்ணெண்ணெய் தருகிறது தமிழக அரசு. ஆண்டுக்கு 3,400 லிட்டராக இருந்த அளவு 3,700 லிட்டராக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் விலை ஒரு கடலோரத்தையே எப்படி உலுக்கும் என்பதற்கு இலங்கை உதாரணம். 2022 ஆகஸ்டில் அங்கே லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்குப் போனது. சின்னப் படகுக்காரர்கள்தான் முதலில் அடிபட்டார்கள்.

விலை குறைவு என்பதற்காக எந்த எஞ்சினிலும் மண்ணெண்ணெய் ஊற்ற முடியாது. அது பெட்ரோல்போல எளிதில் ஆவியாகாது. மண்ணெண்ணெய்க்கென்றே வரும் மாடல்களில் அழுத்தம் குறைவாக வைத்திருப்பார்கள். பெட்ரோல் எஞ்சினில் அதைக் கலந்தால், உள்ளே 'டக் டக்' என்று தட்டல் வரும், கரி ஏறும், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்.

மண்ணெண்ணெய் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் முக்கியம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். கரைக்கு வந்து நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்காது.

ஈ20 பெட்ரோல்: புது தலைவலி

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால். பல அவுட்போர்டு எஞ்சின்கள் 10 சதவிகிதம் வரைதான் தாங்கும் என்று அவற்றின் புத்தகங்களே சொல்கின்றன. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஏரிக்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமா?

ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. அதாவது, ஆயிலே இல்லாத திரவம் உள்ளே போகும். என்ன செய்யலாம்?

* தேவையான அளவு மட்டும் வாங்கி, அன்றன்றைக்குக் கலங்க.
* புயல் எச்சரிக்கை, மழை என்று படகு நாள்கணக்கில் கரையில் கிடந்தால், பழைய கலவையோடு ஸ்டார்ட் செய்யாதீங்க.
* தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் மாட்டுங்க.
* ரப்பர் டியூப் ஊறி மெத்தென்று ஆகிறதா, வெடிக்கிறதா என்று அடிக்கடி பாருங்க.

ஜெட் படகு என்றால்?

ஜெட் ஸ்கீ, ஜெட் படகுகளிலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் உண்டு. வெளியே சுழலும் புரொப்பல்லருக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சி ஓடுபவை அவை. எஞ்சின் பெரும்பாலும் உச்ச வேகத்திலேயே சுழலும் என்பதால், ஆயிலில் கஞ்சத்தனம் இன்னும் ஆபத்து. சில கம்பெனிகள் தங்கள் எஞ்சினுக்கெனத் தனி ஆயிலையே கேட்கும். ஆழம் குறைந்த பழவேற்காடு ஏரியில் மணலும் பாசியும் உறிஞ்சு வாயை அடைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏரிக்கும் ஒரு கணக்கு இருக்கு

பழைய கார்புரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக்கில், ஊற்றும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலே தண்ணீருக்குப் போய்விடும். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் இந்த வகை எஞ்சின்களை 1999 ஜூனிலேயே தடை செய்தார்கள். பழவேற்காடு, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இறாலும் நண்டும் வளரும் அதே தண்ணீரில்தான் நம் ஆயிலும் கலக்கிறது. சரியான ஆயில், சரியான அளவு என்பது எஞ்சினை மட்டுமல்ல, நாளைய பாட்டையும் காப்பாற்றும் விஷயம். அடுத்த எஞ்சின் வாங்கும்போது ஃபோர் ஸ்ட்ரோக்கின் விலையையும் ஒருமுறை விசாரிச்சுப் பாருங்க.

பிளக்கைக் கழற்றிப் பாருங்க

நீங்க ஊற்றும் கலவை சரியா என்று பிளக்கே சொல்லிவிடும்.

* உலர்ந்த வெளிர் பழுப்பு: எல்லாம் சரி.
* கறுத்து, ஈரமாக: ஆயிலோ எரிபொருளோ அதிகம், அல்லது பிளக் சரியாக எரியவில்லை.
* வெள்ளை வெளேரென்று: எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மெக்கானிக்கிடம் காட்டாமல் முகத்துவாரம் தாண்டாதீங்க.